சிறுநீர்ப்பையின் அவசரம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், பொழுது புலருமுன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. மோட்டார் வண்டிகளைப் பூட்டும் வரிசையில் நிற்பவர், நினைத்த நேரத்தில் இடம்விட்டு அகல முடியாது, மாற்றாள் வரவேண்டும். அத்தகைய ஒருவருக்கு அரைமணிக்கு ஒருமுறை சிறுநீர் முட்டுமானால் அவர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்! வெளியே சொல்ல நாணுவார்; தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அதனால் சிறுநீர் செறிவடைந்து, பையை மேலும் உறுத்தும்.

நலமுள்ள சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். நிரம்பும் வரையில் அதன் தசை தளர்ந்திருக்கும். கழிக்கும் வேளையில் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரந்து, தசையைச் சுருங்கப் பணிக்கும். பை நிரம்புமுன்பே தசை சுருங்க முற்படுவதுதான் பெரும்பாலும் இந்த அவசரத்திற்குக் காரணம்.

நரம்பு இரசாயனப் பொருளைக் கொண்டு பேசுகிறது என்பதை 1921-இல் ஆட்டோ லூவி தவளையின் இதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தார். 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அச்சோதனை முறை அவருக்குக் கனவில் தோன்றியதாம். இரவில் கிறுக்கிவைத்த குறிப்பைக் காலையில் அவராலேயே படிக்க இயலவில்லை. நல்லவேளையாக, மறுநாள் இரவும் அக்கனவு வந்தது!

நம் வேலியோரத்து ஊமத்தையின் நஞ்சு, அசிட்டைல்கோலினின் ஆணையைத் தடுப்பது. ஊமத்தங்காய் தின்றவருக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, உடல் கொதித்து, பிதற்றல் உண்டாவது இதனாலேயே. அதே தடுப்பை அளவோடு செய்யும் ஆக்சிபியூட்டினின் என்னும் மருந்து, 1975-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டோல்டெரோடின், சோலிஃபெனாசின் என்பன பின்வந்தவை.

ஆயினும் அந்த ஆணை சிறுநீர்ப்பைக்கு மட்டும் உரியதன்று. உமிழ்நீர்ச் சுரப்பி, குடல், கண், வியர்வைச் சுரப்பி யாவும் அதற்குக் கட்டுப்பட்டவை. ஆகவே இம்மருந்துகளால் வாய் உலரலாம், மலச்சிக்கல் உண்டாகலாம், பார்வை மங்கலாம். முதியோருக்கு நினைவு தடுமாறவும் கூடும். கண்ணழுத்த நோயில் ஒரு வகையினருக்கும், சிறுநீர் அடைத்துக்கொள்வோருக்கும் இவை ஆகா. நம் நாட்டுக் கோடையில் நான் பெரிதும் அஞ்சுவது வியர்வை குறைவதையே. உடலின் வெப்பம் தணிய வேறு பெருவழி ஏது?

எனவே மருத்துவர் உடனே மாத்திரை எழுதிவிடுவதில்லை. கிருமித்தொற்றும் நீரிழிவும் உண்டா என்று முதலில் சோதிப்பார். தேநீரையும் காப்பியையும் குறைத்து, கழிக்கும் இடைவேளையைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சி, சில வாரங்களில் பலருக்குப் பலன் தருகிறது.

கழிப்பிடம் தொழிலாளர் எந்நேரமும் அணுகத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்திருந்தது. பயிற்சியும் போதாமல் மருந்துதான் வேண்டுமென்றால், தாம் உலையருகே நிற்பதையும், இரவு முறையில் இயந்திரம் ஓட்டுவதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும். மருந்தும் அளவும் அதைப் பொறுத்து மாறும்.