சாப்பிள்ளையும் தாயின் பழியும்

கருவிலேயே உயிர் நீத்துப் பிறக்கும் மகவைச் சாப்பிள்ளை என்பர் நம் முன்னோர். திண்டுக்கல் சமவெளியில், நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களிலும் வேடசந்தூர் நூற்பாலைகளிலும் உழைக்கும் குடும்பங்களில் இத்துயர் நேர்ந்தால், ஊரின் பழி முதலில் தாயின் தலைமேல்தான் விழுகிறது. 'கிரகணத்தில் வெளியே வந்தாள்', 'பப்பாளி தின்றாள்' என்பார்கள். மகவை அன்றைக்கே புதைத்துவிடுகிறோம். மெய்யான காரணமும் உடன் புதைந்துபோகிறது.

அக்காரணத்தைத் தேடுவதே சிசுவின் பிரேதப் பரிசோதனை. அதனைச் செய்யும் மருத்துவர்களுள் நானும் ஒருவன். பெற்றோரின் இசைவை எழுத்தில் பெறாமல் நாங்கள் தொடங்குவதில்லை. முதலில் எடை, நீளம், தலையின் சுற்றளவு ஆகியவற்றை அளந்து, எக்ஸ்ரே படம் எடுக்கிறோம். தோல் உரிந்திருக்கும் அளவு, உயிர் பிரிந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை ஒருவாறு காட்டும். பின்னரே இதயம், நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றை ஆராய்கிறோம். பல வேளைகளில் மகவின் உடலைவிட நஞ்சுக்கொடியே மிகுதியாகப் பேசும். தாயின் இரத்தக் கொதிப்பால் குருதியோட்டம் தடைப்பட்டதும், நோய்க்கிருமிகள் புகுந்ததும் அதில் தடம் பதித்திருக்கும். முடிவில் உடலைத் தைத்து, துணி போர்த்திப் பெற்றோரிடம் ஒப்படைக்கிறோம்.

'பிஞ்சுடலில் கத்தி படலாமா?' என்று பாட்டிமார் கேட்பது இயல்பே. இறந்த குழவியையும் வாளால் கீறும் மறக்குடி வழக்கத்தைப் புறநானூற்றின் 74ஆம் பாட்டில் சேரமான் கணைக்கால் இரும்பொறை குறிக்கிறான். அந்த வாள் குலத்தின் மானத்தைக் காத்தது. இந்தக் கத்தி அடுத்த மகவைக் காக்கிறது.

இது வெறும் சொல்லன்று. 1939ஆம் ஆண்டில் லெவின், ஸ்டெட்சன் என்னும் இரு மருத்துவர்கள், சாப்பிள்ளை பெற்ற ஒரு தாய்க்குக் கணவனின் இரத்தத்தை ஏற்றியபோது அது ஒவ்வாமற்போனதை ஆராய்ந்து வெளியிட்டனர். தாயின் குருதிக்கும் சிசுவின் குருதிக்கும் உள்ள ஆர்.எச். முரண்பாடு அவ்வழியே தெளிவாயிற்று. 1968இல் அதைத் தடுக்கும் ஊசிமருந்தும் வழக்கத்துக்கு வந்தது. ஒரு தாயிடம் 'ஏன்' என்று கேட்டதன் பயன் எண்ணற்ற தாய்மார்க்குக் கிட்டியது.

எல்லா மரணத்துக்கும் விடை கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆயினும், உறுப்புகளில் குறையில்லை, கொடிய நோயில்லை என்று அறிவதும் அடுத்த பேற்றுக்கு வழிகாட்டும் செய்தியே.

ஆயிரம் பிறப்புக்குப் பத்துக்கும் குறைவாகச் சாப்பிள்ளைகளை 2030ஆம் ஆண்டுக்குள் குறைக்க வேண்டுமென்று 2014இல் இந்திய அரசு குறிக்கோள் வகுத்தது. காரணம் அறியாமல் அதனை எட்டுதல் அரிது. திண்டுக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

ஆகவே நேயர்களே, இத்துன்பம் உங்கள் இல்லத்தில் நேருமாயின், குழி தோண்டுமுன் மருத்துவரிடம், 'என்ன காரணம்?' என்று கேளுங்கள். உடலைக் கீற மனம் ஒப்பவில்லையெனில், எக்ஸ்ரே படத்துக்கும் நஞ்சுக்கொடியின் ஆய்வுக்குமேனும் இசைவு தாருங்கள். விடை கிடைக்கும்வரை, அந்தத் தாயைப் பழி சொல்லாமலிருங்கள்.