மிஸ்ஸிங் அடிக்குது: குத்தம் மலையோடதா, வண்டியோடதா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

நான் குன்னூர்ல சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். இன்னைக்குப் பேசப்போறது மிஸ்ஸிங் பத்தி. எஞ்சின் சீரா ஓடாம தடக் தடக்னு உதறும், ஏத்தத்துல இழுவை இருக்காது. ஏதோ ஒரு சிலிண்டர்ல போன பெட்ரோல் சரியா எரியாம அப்படியே வெளிய போகுதுன்னு அர்த்தம்.

போன மழைக்காலத்துல ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, பழசா வாங்கினது. தவணை இன்னும் முடியல. "அண்ணா, காலையில பர்லியார் தாண்டினா உதற ஆரம்பிக்குது. மேட்டுப்பாளையத்துல ஒரு தொந்தரவும் இல்ல. வேற இடத்துல பிளக் மாத்தினாங்க, பெட்ரோல் பம்ப் மாத்தினாங்க. கடைசியில, மலையில காத்து கம்மி, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. ஏர்போர்ட் சவாரி எடுக்கவே பயமா இருக்குங்கண்ணா"ன்னார்.

காத்து கம்மிங்கறது பொய் இல்ல. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. கடல் மட்டத்தை விட இங்க காத்தோட அழுத்தம் ஐந்துல ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் காலத்துல இது பெரிய தலைவலி. பெட்ரோல் அளவு கூடிப்போய் கரும்புகை வரும். இப்ப வர்ற இன்ஜெக்‌ஷன் வண்டியில சென்சார் இருக்கு. காத்துக்குத் தகுந்த மாதிரி கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைச்சுக்கும். இழுவை கொஞ்சம் குறையும், ஆனா உதறாது.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. காத்து குறைஞ்சா நாலு சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் குறையும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தகராறு பண்ணினா, பழியை மலை மேல போட முடியாது.

ஸ்கேனர் போட்டேன். பி0302ன்னு காட்டுச்சு. கடைசி எண் தான் சிலிண்டர் எண், அதாவது ரெண்டாவது சிலிண்டர். பி0300ன்னு வந்தா, எந்த சிலிண்டர்னு குறிப்பா சொல்ல முடியல, இல்ல பல சிலிண்டர்ல மிஸ்ஸிங் இருக்குன்னு அர்த்தம். இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. கோடு சொல்றது எந்த சிலிண்டர்னு மட்டும்தான். எந்த பார்ட்டுனு சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா, வயரை எலி கடிச்சிருக்கான்னு நாமதான் கண்டுபிடிக்கணும்.

கண்டுபிடிக்க காசு செலவில்லாத ஒரு வழி இருக்கு. ரெண்டாவது சிலிண்டரோட காயிலை மூணாவதுக்கு மாத்தினேன், மூணாவதோடதை ரெண்டாவதுக்கு. வேற எதையும் தொடல. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தணும். குத்தம் காயிலோட சேர்ந்து மூணாவதுக்குப் போச்சுன்னா காயில்தான். ரெண்டாவதுலயே நின்னா வேற காரணம் தேடணும்.

ஆனா ஷெட்டுக்குள்ள வண்டி அருமையா ஓடுது! எப்பெல்லாம் உதறுதுன்னு அவர்கிட்ட திரும்பக் கேட்டேன். மூடுபனியிலயும் மழையிலயும்தான், வெயில் வந்தா பரவாயில்லன்னார். அப்ப விஷயம் ஈரத்துல இருக்கு. ஸ்ப்ரே பாட்டில்ல காயிலைச் சுத்தி லேசா தண்ணி தெளிச்சேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து பெட்ஃபோர்டு ஏத்தத்துல அவரையே ஓட்டச் சொன்னேன். பாதி ஏத்தத்துல உதறிருச்சு. திரும்ப ஸ்கேன் பண்ணினா பி0303. காயிலைக் கழட்டிப் பார்த்தா, அடியில இருக்கற ரப்பர்ல மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. (வீட்டுல இதைச் செஞ்சு பார்க்காதீங்க. காயில்ல ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும்.)

ஏத்தத்துல மட்டும் ஏன்? ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள்ள காத்து நிறைய போய் இறுகும். அந்த அழுத்தத்துல பிளக் இடைவெளியை ஸ்பார்க் தாண்டறது கஷ்டம். பக்கத்துலயே நனைஞ்ச வெடிப்பு சுலபமான வழியா இருக்கு. மின்சாரம் அந்த வழியில போயிடும்.

புது காயில் போட்டு அனுப்பினேன். ரெண்டு வாரத்துல அதே வண்டி, அதே ரெண்டாவது சிலிண்டர். எனக்கு வெக்கமாப் போச்சு. காயில் போச்சுன்னு பார்த்தேனே தவிர, அங்க தண்ணி எப்படி வந்துச்சுன்னு கேக்கல. வண்டியை எங்க நிறுத்தறீங்கன்னு கேட்டேன். எஸ்டேட் ஓரமா சில்வர் ஓக் மரத்தடியிலன்னார். முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கற மூடியைத் திறந்தேன். ஒரே இலை. தண்ணி வடியற ஓட்டை அடைச்சு, மழைத் தண்ணி தேங்கி, எஞ்சின் மேல வழிஞ்சிருக்கு. பிளக் குழிக்குள்ளயே தண்ணி நின்னுச்சு. இலையை அள்ளி, ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி, அது சக்கரத்துப் பக்கமா வடியுதான்னு பார்த்தேன். குழியை ஏர் அடிச்சுக் காய வச்சேன். ரெண்டாவது தடவை காசு வாங்கல. தப்பு என்னோடது.

முடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். செக் லைட் நிலையா எரிஞ்சா சீக்கிரம் காட்டுங்க. மினுக் மினுக்னு விட்டு விட்டு எரிஞ்சா, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியுதுன்னு அர்த்தம். அது பழுக்கக் காய்ஞ்சிடும், பாழானா செலவு பெருசு. ஆக்ஸிலேட்டரைக் குறைச்சு, பத்திரமான இடத்துல ஓரம் கட்டுங்க. காஞ்ச புல்லு மேல நிறுத்தாதீங்க, தீப்பிடிக்கும். ரெண்டாவது, எஞ்சின் உதறுதேன்னு ஆஃப் பண்ணி நியூட்ரல்ல இறங்காதீங்க. நாலஞ்சு தடவை மிதிச்சா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், ஸ்டியரிங்கும் இறுகிடும். நம்ம வளைவுகள்ல அது உயிரோட விளையாடற வேலை.

அந்த வண்டி இப்பவும் ஏர்போர்ட் சவாரி போகுது. அவர் வாரம் ஒருக்கா இலையைக் கூட்டிடறார். உங்க வண்டியும் மரத்தடியில நின்னா, நாளைக்குக் காலையில அந்த மூடியை ஒரு தடவை திறந்து பாருங்க.