வீடு அடிவாரத்தில், வேலை மேட்டில்

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி எவ்வளவு, மருத்துவ உதவி எவ்வளவு என்று கணக்குச் சொல்வோம். அந்தக் கணக்கு தனி அறிக்கையாக உங்கள் கையில் இருக்கிறது. இன்று நம் ஊரைப் பற்றியே பேச நினைக்கிறோம். காரணம், எங்களிடம் வருகிற மனுக்களில் பல பணம் இல்லாததால் வருபவை அல்ல. எந்த அலுவலகத்திற்குப் போவது என்று தெரியாததால் வருபவை.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். அந்தச் சகோதரர் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாள் மாலை தோட்டத்திலேயே நெஞ்சு வலி வந்து மவுத்தாகிவிட்டார். இரவோடு இரவாக மய்யித்தை ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்து மறுநாள் காலை நம் கபரஸ்தானில் அடக்கம் செய்தோம். கஃபன் செலவும் வண்டிச் செலவும் நம் அறக்கட்டளைதான் கொடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மனைவி வந்தார். வாரிசுச் சான்று கேட்டால் இறப்புச் சான்று கேட்கிறார்கள்; அது எங்கேயும் இல்லை. "ஏண்ணே, அவர் மவுத்தானது ஊருக்கே தெரியும். கவர்மெண்டுக்கு மட்டும் தெரியாதா?" என்று அழுதார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று அடக்கத்துக்கு நின்ற நம்மில் ஒருவர்கூட "பதிவு செய்தாச்சா?" என்று கேட்கவில்லை. குறை நம்முடையது.

இந்தக் குறை ஏன் நம் ஊரில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள நம் ஊர் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

போடி மலையின் மடியில் இருக்கிறது. முந்தல் தாண்டினால் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் நாலாயிரம் அடிக்கு மேலே போடிமெட்டு. அங்கே சோதனைச் சாவடி. அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கத்துச் சரிவில் கொட்டுகிறது. நமக்கு மிச்சம்தான் வருகிறது. அந்த ஈரமும் நிழலும் இருப்பதால் ஏலம் அங்கே விளைகிறது. விளைவது அங்கே என்றாலும் காய் இங்கே இறங்குகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இடுக்கியில் புத்தடியிலும், இங்கே போடியிலும் நடக்கிறது. காயைத் தரம் பிரித்துப் பொறுக்கும் வேலையில் நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த எல்லை 1956-இல் புதிதாக வந்ததல்ல. அதற்கு முன்பும் மேடு திருவிதாங்கூர் சமஸ்தானம், அடிவாரம் மதராஸ் மாகாணம். 1956 நவம்பர் 1-இல் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. நாம் மதுரை மாவட்டத்தில் இருந்து, பிறகு 1990-களில் தேனி மாவட்டமானோம். சாதாரண நாளில் இந்த எல்லை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விடியற்காலையில் ஜீப் ஏறுகிறோம், பொழுது சாய இறங்குகிறோம்.

பிரச்சினை வரும்போதுதான் தெரிகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது மேட்டுப் பாதை அடைபட்டது. தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்க் குடும்பங்கள் கிடைத்த வழியில் இறங்கி வந்தன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு நேரத்தில், மேலே இருந்து காட்டுப் பாதையில் இறங்கியவர்கள் இராசிங்கபுரம் மலையில் காட்டுத் தீயில் சிக்கிச் சிலர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது.

இனி ஊர் நிர்வாகத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி போடி நகராட்சியில் சுமார் 75,000 மக்கள், வார்டுகள் 33. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று வீட்டுக்கு வீடு பேச்சு மாறும். மலைப் பகுதியில் பளியர், முதுவர் மக்கள் இருக்கிறார்கள். நம் மஹல்லா ஒன்றுதான். ஆனால் அது ஒரே வார்டில் அடங்காது. அதேபோல எந்த வார்டும் ஒரு சமுதாயத்துக்கு மட்டும் சொந்தமல்ல. ஆகவே சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்று எதைக் கேட்டாலும் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து கேட்பதே முறை.

"போடி" என்று நாம் சொல்வதெல்லாம் நகராட்சியும் அல்ல. ஒட்டியே இருக்கும் மேலச்சொக்கநாதபுரம் தனிப் பேரூராட்சி. குரங்கணி கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. அங்கே குடியிருப்பவர் தண்ணீர் மனுவை நகராட்சியில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பலன் இராது. வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் மனு.

2016-க்குப் பிறகு பல ஆண்டுகள் நகராட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை, அதிகாரிகளே நடத்தினார்கள். 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது. பாதி இடங்கள் பெண்களுக்கு. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை போல நகரத்திலும் வாக்காளர் எழுந்து நின்று கேட்கலாம். பகுதி சபை கூடுகிறது என்று தெரிந்தால், தாய்மார்களே, நீங்களும் அவசியம் போங்கள். வீட்டில் தண்ணீர் வராதது முதலில் உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது அந்தச் சகோதரியின் கதைக்குத் திரும்புவோம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் சொல்வது இதுதான்: பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும். குடியிருக்கும் இடத்திலோ அடக்கம் செய்த இடத்திலோ அல்ல. சாந்தன்பாறையில் மவுத்தானால் சாந்தன்பாறை பஞ்சாயத்தில்தான் பதிவு. போடி நகராட்சி அதைப் பதிய முடியாது. அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தேயிலை, காபி, மிளகு, ஏலத் தோட்டங்களில் நடக்கும் பிறப்பு இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியது தோட்டக் கண்காணிப்பாளரின் பொறுப்பு என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஓடும் வண்டியில் உயிர் பிரிந்தால், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் பதிவு.

21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. 30 நாட்கள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை அதிகாரியின் எழுத்து அனுமதி. ஓராண்டும் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. அந்தச் சகோதரி இந்தக் கடைசி வழியில்தான் அலைய வேண்டியதாயிற்று, அதுவும் அடுத்த மாநிலத்தில்.

பிறப்பும் அப்படித்தான். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவம் ஆனால் போடியில் சான்று தேடக் கூடாது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவாகியிருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் போன்றவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் ஆதாரம் பிறப்புச் சான்றுதான். அத்தா பெயர், அம்மா பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி நம் அடக்கப் பதிவேட்டில் பெயர், வயதோடு, மவுத்தான இடம், பதிவு செய்த அலுவலகம், பதிவு எண் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். ஏழாம் நாளுக்குள் எங்கள் தொண்டர் ஒருவர் அந்த வீட்டுக்கு வந்து கேட்பார். சோகத்தில் இருக்கும் வீட்டில் காகிதம் கேட்கிறார்களே என்று வருத்தப்படாதீர்கள். மேட்டில் இறந்திருந்தால் அங்கே போய் வரும் செலவை அறக்கட்டளை ஏற்கும். இது நம் உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும் அல்ல; பக்கத்து வீட்டுச் சகோதரர் எந்த மதத்தவராக இருந்தாலும் வரலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மேட்டில் வேலை பார்ப்பவர் வீட்டில் எல்லோரும், அவர் வேலை செய்யும் தோட்டத்தின் பெயர், அது எந்தப் பஞ்சாயத்து, மேனேஜர் போன் எண் மூன்றையும் எழுதி, ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஜீப் ஏறுமுன் இன்று இரவே கேட்டு எழுதிவிடுங்கள்.

அல்லாஹ் நம் உழைப்பாளிகளைப் பத்திரமாக ஏற்றி, பத்திரமாக இறக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.