திரட்டியில் எல்லோருக்கும் இடம்



கட்டற்ற மென்பொருளுக்கு உழைக்கும் நம் பங்களிப்பாளர்களின் சொந்த வலைப்பூக்களை அமைப்பின் தளத்தில் திரட்டலாமா என்பது இன்றைய கேள்வி. திரட்டியே ஆக வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

2004இல் தமிழ்மணம் என்ற வலைப்பூத் திரட்டி வந்தபோது, ஊருக்கு ஒருவராக எழுதிக்கொண்டிருந்த தமிழர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் க்னோம், டெபியன் ஆகிய கட்டற்ற மென்பொருள் அமைப்புகளும் ‘பிளானெட்’ என்ற பெயரில் திரட்டிகளைத் தொடங்கின. நிரலில் கண்ட பிழையும் அங்கே வரும், வீட்டில் பிறந்த குழந்தையின் சேதியும் வரும். பங்களிப்பாளர்களின் உழைப்பையும் வாழ்க்கையையும் காட்டும் சாளரம் என்றுதான் க்னோம் அதைச் சொல்லிக்கொண்டது.

மறுப்பவர்களின் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2009 டிசம்பரில் க்னோமில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். திரட்டியில் என்னென்ன வரலாம் என்ற பேச்சில், தனியுரிம மென்பொருளை முறையானதாகக் காட்டும் பதிவுகளுக்கு அங்கே இடம் தரக் கூடாது என்றார் ரிச்சர்ட் ஸ்டால்மன். அப்போது க்னோம் அவருடைய குனு திட்டத்தின் ஓர் அங்கமாக இருந்ததல்லவா? வாதம் முற்றியது. குனுவை விட்டே விலகலாமா என்று வாக்கெடுப்புக் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. 2012இல் மொசில்லா திரட்டியில் தன்பாலினத் திருமணத்தை எதிர்த்து வந்த ஒரு பதிவும் அந்தச் சமூகத்தைக் கலக்கியது.

ஆனால் தோழர்களே, அந்தப் பிளவைத் திரட்டியா உண்டாக்கியது? உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. குறைகளை மறைக்க மாட்டோம் என்று டெபியன் 1997இலேயே தன் சமூக ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது. நிரலின் குறையை மட்டும் வெளிப்படையாகச் சொன்னால் போதுமா, அதை எழுதுபவரின் நிலையும் தெரிய வேண்டாமா?

உலகெங்கும் சர்வர்களில் ஓடும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற தரவுச் சுருக்க மென்பொருளை ஏறத்தாழ ஒருவரே பராமரித்துவந்தார். சம்பளம் கிடையாது. முன்போல் தன்னால் முடியவில்லை என்று 2022இல் அவர் வெளிப்படையாகவே எழுதினார். அவரை இன்னும் விரட்டியவர்கள் உண்டு. உதவ வந்தவர்போல் நுழைந்திருந்த ஒருவர் நம்பிக்கையைச் சம்பாதித்து, உள்ளே பின்கதவு வைத்தார். 2024 மார்ச்சில்தான் அது பிடிபட்டது. ஒரு திரட்டி இதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்பது வேறு. ஒருவருடைய நிரலை வாங்கிக்கொள்கிற அமைப்பு, அவர் களைத்துப்போனதை எங்கே போய்ப் படிக்கும்?

ஆகவே முன்மொழிகிறேன். விரும்பிக் கேட்பவருடைய வலைப்பூவை மட்டும் சேர்ப்போம். தொழில்நுட்பப் பதிவுகள் மட்டும் வந்தால் போதும் என்றால் அதை அவரே முடிவு செய்யட்டும். எழுதியவர் பெயர் பதிவின் தொடக்கத்திலேயே இருக்கட்டும். படிப்பவர் அவருடைய தளத்துக்கே போகட்டும். டெபியன் அதிகாரபூர்வச் செய்திகளுக்குத் தனி வலைப்பூ வைத்திருக்கிறது. நாமும் வைப்போம், எது அமைப்பின் குரல் என்ற குழப்பம் வராது. சக மனிதரை இழிவுபடுத்தும் எழுத்தை நடத்தை விதிப்படி நீக்குவோம். செயற்குழுவுக்குப் பிடிக்காத கருத்து என்பதற்காக ஒரு பதிவையும் நீக்கக் கூடாது, அது செயற்குழுவையே குறைசொல்லும் பதிவானாலும். இந்தக் கடைசி வரி தீர்மானத்தில் எழுத்தாக இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.