பறந்ததற்கு என்ன சாட்சி?

குடுமியான்மலையில் சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றில் மேலைக்கோயில் என்றொரு குடைவரை இருக்கிறது. அதன் பக்கத்துப் பாறையில், கிரந்த எழுத்தில், 38 வரிகளில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. ருத்ராசாரியாரின் மாணவனும் பரம மாகேசுவரனுமான அரசன் ஒருவன், பயிலும் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்று கடைசியில் ஒரு குறிப்பு உண்டு. அரசனின் பெயர் மட்டும் இல்லை. மகேந்திரவர்ம பல்லவன்தான் என்கிறது ஒரு கட்சி. இல்லவே இல்லை என்கிறது மறு கட்சி.

இருந்த இடத்தை விட்டு நகராத பாறைக்கே இந்த வழக்கு. நிலாவுக்குப் போய்த் திரும்பி, நாலு கை மாறிய ஒரு துணிப்பையின் பாடு எப்படி இருக்கும்? விண்கலங்களில் பறந்த பொருள்களைத் தேடிச் சேர்ப்பவர்களின் தொல்லை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

துணிப்பை என்பது கற்பனை அல்ல. 1969இல் அப்பல்லோ 11 பயணத்தில் நீல் ஆம்ஸ்ட்ராங் எடுத்த நிலா மண் மாதிரி அதில்தான் வந்தது. பின்னாளில் கணக்கேட்டில் வேறொரு பையின் எண்ணோடு அது குழம்பிப்போனது. ஒரு திருட்டு வழக்கில் பறிமுதலான சாமான்களோடு சேர்ந்து அரசு ஏலத்துக்கு வந்தபோது, 2015இல் ஒரு பெண் வழக்கறிஞர் 995 டாலருக்கு வாங்கினார். சோதித்துச் சொல்லும்படி நாசாவுக்கே அனுப்பினார். உள்ளே நிலாத்தூசி இருப்பதைக் கண்ட நாசா, திருப்பித் தர மாட்டோம் என்றது. நீதிமன்றமோ பை அவருக்கே உரியது என்று தீர்ப்புச் சொன்னது. 2017 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் அதே பை 18 லட்சம் டாலருக்குப் போனது. துணி மாறவில்லை, தூசி மாறவில்லை. சாட்சி மட்டும்தான் வந்து சேர்ந்தது.

இந்தச் சந்தையில் சாமானியர் கைக்கு எட்டுவது காப்டன் எனும் மெல்லிய தகடு. வெப்பத்தைத் தடுக்கக் கலத்தின் மேல் ஒட்டியது. அப்பல்லோ 11 கடலில் இறங்கியதும், மீட்கப்போன கப்பலில் இருந்தவர்கள் கலத்திலிருந்து அதைப் பிய்த்து நினைவுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தத் துண்டுகள் நறுக்கப்பட்டு, மீண்டும் நறுக்கப்பட்டு, கடுகளவாகி அட்டையில் ஒட்டி விற்பனைக்கு வருகின்றன. கூடவே விற்பவரே கையெழுத்திட்ட சான்றிதழ். தன் பிள்ளைக்குத் தானே நன்னடத்தைச் சான்று எழுதிக்கொடுப்பது போலத்தான் இது! பாக எண், கப்பலில் இருந்தவரின் கடிதம், அந்தக் காலத்துப் புகைப்படம் ஆகிய மூன்றில் ஒன்றாவது இல்லாத தகடு வெறும் தகடுதான். முழுத் தகட்டை நறுக்கும் வியாபாரியோ சாட்சியையும் சேர்த்தே நறுக்குகிறார்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சோவியத் விண்கலம் லூனா 16. 1970இல் அது கொண்டுவந்த மண்ணில் மூன்று துகள்கள் ராக்கெட் மேதை கொரலேவின் மனைவிக்கு அரசுப் பரிசாகப் போயின. எடை 0.2 கிராம் அளவே. 1993 ஏலத்தில் 4,42,500 டாலர். 2018இல் 8,55,000 டாலர். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பதில் சந்தேகமே எழவில்லை.

நம் நாட்டில் இந்த ரசனை உள்ளவர்கள் பணத்தைத் தொடாமலே தொடங்கலாம். டெல்லி நேரு கோளரங்கத்தில் விண்வெளி வீரர் ராகேஷ் சர்மாவின் விண்வெளி உடையும் சோயுஸ் டி-10 கலமும் இருக்கின்றன. 1984 ஏப்ரலில் அவர் மேலே போனது சோயுஸ் டி-11இல், திரும்பியது டி-10இல். இந்த ஓர் எண்ணை மாற்றிச் சொல்லும் விற்பனையாளரிடம் பர்ஸைத் திறக்காமல் இருப்பது நல்லது.

2019 டிசம்பரில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர்களின் வலையில் பெரும் பாரம் ஒன்று சிக்கியது. படகுகள் சேர்ந்து இழுத்துக் கரைசேர்த்தால், பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டு பூஸ்டர்! உடம்பிலேயே எழுத்தும் எண்ணும் பொறித்திருந்ததால் அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கவில்லை. ஏலக் கடைகளில் வரும் பல பொருள்களுக்கு இவ்வளவு உறுதியான சாட்சி கிடையாது. ஆனால் கறாரான சேகரிப்பாளர் இதை விண்வெளிப் பொருள் என்று ஏற்கமாட்டார். தரையிலேயே பற்றவைக்கும் பூஸ்டர்கள் சுமார் 70 விநாடியில், இருபத்தைந்து கிலோமீட்டர் உயரம் போலத்தான் கழன்று விழுகின்றன. விண்வெளி தொடங்குவதாகக் கொள்ளும் எல்லையோ 100 கிலோமீட்டர். கிழிந்த வலைக்கு நஷ்டஈடு கேட்ட மீனவர்களுக்கு இந்த நுணுக்கம் எதற்கு?

கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்பதும் இங்கே செல்லாது. 1967 விண்வெளி உடன்படிக்கையின்படி, விண்ணில் ஏவிய பொருள் எங்கே விழுந்தாலும் அதன் உரிமை மாறாது. 2023இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளையும் பிஎஸ்எல்வியின் பாகம்தான் என்று உறுதியானது; அதுவும் இந்த விதிக்குள்தான் வரும்.

கடலோர நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஏதாவது கரையொதுங்கினால் கிட்டே போகவேண்டாம். எரிபொருள் மிச்சம் நஞ்சாக இருக்கலாம். தள்ளி நின்று படம் எடுத்து, நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அதன் மேலுள்ள எண்ணை யாரும் சுரண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.