மதுரையில் பார்த்த கால்வாசி அரண்மனை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், மதுரைச் சுற்றுலா போய் வந்த ஜெகதளா உறுப்பினர்கள் சார்பில் பேசியது)



மதுரைக்குப் போய் வந்தவர்கள் மீனாட்சி அம்மன் கோவிலைப் பற்றித்தான் பேசுவோம் என்று நினைத்திருப்பீர்கள். கோவிலைப் பற்றி வீட்டுக்கு வீடு சொல்லியாச்சு, பிரசாதமும் கொடுத்தாச்சு. இன்றைக்கு திருமலை நாயக்கர் மகாலைப் பற்றியும், அதோடு சேர்ந்த இடங்களைப் பற்றியும் சொல்கிறோம். நம்ம குழுக்களில் பழைய வீட்டைப் பழுது பார்க்கவும், இடித்துக் கட்டவும் கடன் கேட்டு மனுக்கள் வந்திருக்கின்றன. அதுக்கும் மகாலுக்கும் சம்பந்தம் இருக்கு, கடைசியில் சொல்கிறோம்.

கோவிலிலிருந்து மகாலுக்கு நடந்தே போய்விடலாம். நம்ம குளிருக்குப் பழகின உடம்புக்கு அந்த வெயில்தான் கஷ்டம். ஆனால் உள்ளே போய் தூண் நிழலில் நின்றதும் ஒரு குளிர்ச்சி வந்தது பாருங்க! மொத்தம் 248 தூண்கள் என்கிறார்கள். ஒரு தூணை மூன்று பேர் கைகோத்துச் சுற்றிப் பார்த்தோம், எட்டவில்லை. அண்ணாந்து பார்த்தால் பெரிய கும்பம் போலக் கூரை. அதைத் தாங்க இரும்பும் இல்லை, மர உத்தரமும் இல்லை. செங்கலையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்தே வளைத்துக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மேல் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்தார்களாம். "எத்தனை கோழி வளர்த்திருப்பாங்க?" என்று நம்ம கோழி வளர்ப்புக் குழு அக்கா கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தப் பூச்சைத் தடவிப் பார்த்தால் இப்பவும் வழவழவென்று இருக்கு. அதே பூச்சில்தான் வந்தவங்க போனவங்க எல்லாம் ஆணியால் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்கவே மனசு பொறுக்கவில்லை.

சுற்றிப் பார்த்து முடித்ததும் ஒரு தங்கச்சி, "இவ்வளவுதானா? அரண்மனை என்றால் இன்னும் பெரிசா இருக்கணுமே" என்றாள். சரியான கேள்வி. 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்றைக்கு நிற்பது கால்வாசிதானாம். சொர்க்கவிலாசம் என்கிற பகுதியையும் அதை ஒட்டிய கொஞ்சத்தையும்தான் நாம் பார்த்தோம். ரங்கவிலாசம் என்று இதேபோல இன்னொரு பெரிய பகுதி இருந்திருக்கிறது.

அப்படியானால் மீதி எங்கே போனது? அதில் கொஞ்சத்தை ஜவுளி வாங்கப் போன இடத்தில் பார்த்தோம். பத்துத்தூண் சந்து என்று ஒரு கடைத்தெரு. சேலைக் கடை விளம்பரப் பலகைகளுக்கு நடுவே, மேலே கூரை எதுவும் இல்லாமல், கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் அரண்மனையைச் சேர்ந்த தூண்கள் அவை. அதன் கீழே நின்றுதான் நாங்கள் சேலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார் என்று சொல்கிறார்கள். ஆள் இல்லாத வீடு அப்புறம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

அந்தச் சொக்கநாதரின் மனைவிதான் ராணி மங்கம்மாள். கணவர் போய்விட்டார், மகனும் அம்மை நோயில் இறந்துவிட்டார். கைக்குழந்தையான பேரன் பேரில் 1689 முதல் அந்த அம்மாதான் ஆட்சியை நடத்தினார். சாலை போட்டார், வழிப்போக்கர் தங்கச் சத்திரங்கள் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது மங்கம்மாள் சத்திரம். தெற்கே இன்னும் மங்கம்மாள் சாலை என்றே சொல்கிற பாதைகள் உண்டு. வீட்டுக்காரர் பெயர்த்ததைத்தான் ஊர் சொல்லுது, வீட்டம்மா கட்டினதை ஊர் இன்னும் புழங்குது! இதை வேனில் சொன்னபோது கைதட்டல் அடங்கவே ரொம்ப நேரம் ஆனது.

அவர் பேர் சொல்கிற தமுக்கம் அரண்மனையில்தான் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1959-ல் நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியை அங்கே வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் யாருக்கும் பேச்சு வரவில்லை.

இப்போ மகாலுக்குத் திரும்ப வருவோம். மிச்சம் இருந்த கால்வாசியாவது எப்படித் தப்பியது? 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். பிறகு அதில் கோர்ட் நடந்தது. 1970 வரை வக்கீலும் கட்சிக்காரரும் அந்தத் தூண்களுக்கு நடுவேதான் நடமாடினார்கள். கோர்ட் நடக்கிற இடத்தில் கூரை ஒழுகினால் உடனே யாராவது கேட்பார்கள் இல்லையா? பூட்டிப் போட்டிருந்தால் இதுவும் பத்துத்தூண் மாதிரிதான் ஆகியிருக்கும்.

இனி நம்ம ஹட்டிக்கு வருவோம். நம்முடைய பழைய வீடுகள் வரிசையாக, ஒரே நடுச்சுவரை ஒட்டிக் கட்டியவை. ஒருத்தர் தன் வீட்டை இடித்தால், அதுவரை நனையாமல் இருந்த நடுச்சுவர் மழைக்கு வெளியே வந்துவிடும். மண் சுவராக இருந்தால் ஒரு ஐப்பசி மழையே போதும், அடுத்த வீட்டு அக்காவும் கடன் கேட்டு வரவேண்டியதுதான். இன்னொன்று, பழைய மண்சுவர் மேலேயும் சுண்ணாம்புச் சுவர் மேலேயும் சிமெண்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் பூச்சு பெயர்ந்து வரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூசணும். அதற்குத் தெரிந்த கொத்தனார் நம்ம பக்கத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

யாரும் பழைய வீட்டிலேயே இருந்து கஷ்டப்படணும் என்று நாங்கள் சொல்லவில்லை. கழிப்பறை வேணும், குழந்தைகள் படிக்க ஒரு அறை வேணும், எல்லாம் நியாயம்தான். ஆனால் இடித்துக் கட்டக் கேட்கிற மனுவில், நடுச்சுவருக்கு என்ன ஏற்பாடு, பக்கத்து வீட்டாரின் சம்மதம் உண்டா என்று இரண்டு வரி சேர்த்து எழுதணும் என்று கேட்கிறோம். பழுது பார்க்கக் கேட்கிற மனுக்களை முதலில் எடுக்கணும் என்பதும் எங்கள் கருத்து. இதைத் தீர்மானமாகக் கொண்டு வரலாமா என்று அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவோம். வரும்போது ஒவ்வொரு குழுவும், தங்கள் ஹட்டியில் ஆள் குடியிருக்கிற பழைய வீடுகள் எத்தனை, பூட்டிக் கிடப்பவை எத்தனை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.