முடிச்சுப் போட்ட கேள்விகள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



குழுக்களுக்குள் பொது அறிவுப் போட்டி எப்படி நடத்தலாம் என்று பேசச் சொன்னார்கள். இது வெறும் விளையாட்டு சமாச்சாரம் என்று நினைக்காதீங்க. இதில் நம்ம காசும் இருக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மகளிர் தின விழாவில் வினாடி வினா வைத்தால் என்ன நடக்கிறது? "தமிழ்நாட்டின் மாநில மரம் எது?" என்று கேட்கிறோம். பிளஸ் டூ படித்த தங்கச்சி டக்கென்று "பனை" என்று சொல்லி எவர்சில்வர் டப்பாவை வாங்கிக்கிட்டுப் போயிடுது. பனை ஓலையிலேயே கூடை முடைகிற பெரியம்மா ஓரமாக உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். "நமக்கு என்னம்மா தெரியும், நாம படிக்காதவங்க" என்று ஒதுங்கிக் கொள்கிறார்கள். அப்படி ஒதுங்குகிறவர்கள் கடன் கணக்கு பேசும்போதும் ஒதுங்கித்தான் நிற்பார்கள்.

அதனால் கேள்வியை மாற்றிப் பார்ப்போம். ஒரே விஷயம் தெரிந்தால் பதில் வரக்கூடாது. மூணு நாலு விஷயத்தைக் கோர்த்தால்தான் பதில் வர வேண்டும். இதை நான் முடிச்சுக் கேள்வி என்று சொல்வேன். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும்.

இப்போது ஒண்ணு கேட்கிறேன், சேர்ந்து யோசிங்க. "தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கிடைக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு ஒரு பெண் டாக்டரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த ஊரின் பெயரையே கொண்ட மாவட்டத்தில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சேர்த்து ஒரு வண்டியும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அது என்ன வண்டி?"

முதல் முடிச்சு, திட்டத்தின் பெயர். சமீபத்தில் பிள்ளை பெற்ற தங்கச்சிக்குத் தெரியும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இரண்டாவது முடிச்சு, அவர் பிறந்த ஊர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வைத்திருக்கும் அம்மாவுக்குத் தெரியலாம்: 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னை மாகாண சட்ட மேலவையில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். மூணாவது முடிச்சு, அறிவொளி. அந்தக் காலத்தில் இரவு வகுப்புக்குப் போன பெரியம்மாவுக்குத் தெரியும்: சைக்கிள்!

பாருங்க, மூணு பேரும் சேர்ந்தால்தான் பதில் வந்தது. கடைசி முடிச்சை அவிழ்த்தது பெரியம்மா. தனியாக ஒருத்திக்குப் பாதிதான் தெரியும். குழுவுக்கு முழுசும் தெரியும்.

இன்னொண்ணு. "2006-ம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசு ஒரு மனிதருக்கும் ஒரு வங்கிக்கும் சேர்த்துக் கிடைத்தது. அந்த வங்கியில் கடன் வாங்கியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள். அந்த வங்கி உள்ள நாட்டின் தேசிய கீதத்தை எழுதிய கவிஞரின் இன்னொரு பாட்டை நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடுகிறார்கள். அது எந்தப் பாட்டு?"

மனிதர் முகமது யூனுஸ். வங்கி கிராமீன் வங்கி. நாடு வங்கதேசம். கவிஞர் ரவீந்திரநாத் தாகூர், 1913-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். பாட்டு நம்ம நாட்டின் தேசிய கீதமேதான். பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே போய்ச் சேரும் வழிதான் புதுசு.

இந்த மாதிரிக் கேள்வியை நீங்களே தயாரிக்கலாம். மூணு விஷயம் கவனிச்சாப் போதும்.

ஒன்று, பதிலில் இருந்து பின்னால் நடந்து வாங்க. எல்லாருக்கும் தெரிந்த ஒரு பதிலை முதலில் எடுத்துக்கொள்ளுங்க. அது எதோடு சேர்ந்தது, அந்த இன்னொன்று எதோடு சேர்ந்தது என்று பின்னோக்கிப் போங்க. மூணு முடிச்சு போதும். பத்து முடிச்சு போட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது.

இரண்டு, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரே பதில்தான் இருக்க வேண்டும். "தென்பெண்ணை ஆற்றில் கட்டிய அணை எது?" என்றால் கிருஷ்ணகிரி அணையும் சரி, சாத்தனூர் அணையும் சரி. சண்டைதான் வரும். "கிருஷ்ணகிரி அணை கட்டிய ஆறு எந்த ஊருக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது?" என்று கேளுங்க. ஆறு தென்பெண்ணை, ஊர் கடலூர். அடிச்சுச் சொல்லலாம்.

மூன்று, வருஷத்தைச் சேர்த்துச் சொல்லுங்க. தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. வருஷம் சொல்லாமல் கேட்டால், விவரம் தெரிந்தவங்களே தப்பாகச் சொல்லிவிடுவாங்க. கேள்வி போடும் முன்பு பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்க.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். இதுவும் முடிச்சுக் கேள்விதான்.

"10,000 ரூபாய் கடன். மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. பத்து மாசத்தில் அடைக்க வேண்டும். மொத்த வட்டி எவ்வளவு?"

பாதிப் பேர் "ஆயிரம்" என்கிறீங்க. ஊக்குநர் சிலர் "ஐந்நூத்தி ஐம்பது" என்கிறாங்க. இரண்டும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் கேள்வியில் ஒரு முடிச்சு விட்டுப்போச்சு. வட்டி எந்தத் தொகை மேல என்று நான் சொல்லவே இல்லை.

மாசம் ஆயிரம் ரூபாய் அசல் கட்டுகிறோம். நிற்கிற பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் முதல் மாசம் 100, அடுத்த மாசம் 90, அதற்கடுத்து 80 என்று குறைந்து கடைசி மாசம் 10 வரும். மொத்தம் 550. இது குறைந்து வரும் வட்டி. அசல் குறைந்தாலும் கடைசி வரைக்கும் முழு பத்தாயிரத்துக்கும் வட்டி போட்டால் மாசம் 100 வீதம் 1,000. இதை ஃபிளாட் வட்டி என்பார்கள். இரண்டுக்கும் பேர் "ஒரு ரூபாய் வட்டி"தான். வித்தியாசம் 450 ரூபாய். இதோடு கடன் கொடுக்கும்போதே கட்டணம் என்று 300 ரூபாய் பிடித்துக்கொண்டால் செலவு 1,300 ஆகிறது. கைக்கு வந்தது 9,700தான்.

ஒரு வீட்டில் வட்டி விகிதம் மருமகளுக்குத் தெரியும். எத்தனை தவணை என்று மாமியாருக்குத் தெரியும். எவ்வளவு பிடித்தார்கள் என்று கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியும். மூணையும் ஒரு தாளில் சேர்த்து எழுதியிருக்க மாட்டாங்க. கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் சேர்த்துப் பார்ப்பாங்க.

அதனால் கடன் வாங்கும் முன்பு நாலு கேள்வி கேளுங்க. வட்டி எத்தனை? எந்தத் தொகைக்கு வட்டி? எத்தனை மாசம்? கையில் எவ்வளவு வரும்? கேட்க நமக்கு உரிமை இருக்கு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கும் சிறுகடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது. வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய விவரத் தாளைக் கடன் வாங்குகிறவருக்குத் தர வேண்டும். கடன் அட்டையும் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். "கையெழுத்து மட்டும் போடும்மா" என்றால் போடாதீங்க.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு முடிச்சுக் கேள்வி தயாரித்துக் கொண்டு வாங்க. கூடவே, உறுப்பினர் வெளியே வாங்கிய ஒரு கடனை எடுத்து, இந்த நாலு கேள்விக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு வாங்க. எழுதத் தெரியாதவங்க வாயால் சொல்லட்டும், தெரிந்தவங்க எழுதட்டும். பரிசு தனி ஆளுக்கு வேண்டாம், குழுவுக்குக் கொடுப்போம்.